ஜனவரி 30 பட்டியலில் சார்லஸ் மன்னரும் காந்தியும்: பழைய தேதியை மாற்றிப் போடணுமா, அப்படியே விடணுமா?

கோட்டைச்சுவடி:
'வரலாற்றில் இன்று' என்று ஜனவரி 30-க்குப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த மூன்று வரியை விடுவதே இல்லை. 1649-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது, 1933-இல் ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆனது, 1948-இல் டெல்லியில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டது. பின்னிரண்டும் சரி. முதல் வரி அந்த இடத்தில் இருக்கக் கூடாது.

1649-இல் இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. இன்று நாம் புழங்கும் கிரிகோரியன் அதைவிட 10 நாள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. லண்டனில் ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை. கிரிகோரியனுக்கு மாறியிருந்த பாரிஸில் அதே செவ்வாய்க்கிழமை பிப்ரவரி 9. ஆக, சார்லஸின் வரி பிப்ரவரி 9-க்குப் போகணும். கிரிகோரியன் பிறந்த 1582-க்குப் பிறகு வருகிற எல்லா ஜூலியன் தேதிக்கும் இதே விதியை வைக்கணும் என்பது என் வாதம்.

பழையஏடு:
கடுமையாக மறுக்கிறேன். தேதி என்பது அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு எழுதி வைத்தது. அந்த மரணதண்டனை சம்பந்தமாக லண்டனில் உண்டான எந்தத் தாளைப் புரட்டினாலும் ஜனவரிதான் இருக்கும். பிப்ரவரி 9 என்று படித்துவிட்டு ஆவணம் தேடப் போகிற மாணவன் வெறுங்கையோடு திரும்புவான். இன்னொன்றும் கவனியுங்கள்: 1752-இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றிய பிறகும் இங்கிலாந்துத் திருச்சபை சார்லஸை நினைவுகூரும் நாளை ஜனவரி 30-இலிருந்து நகர்த்தவில்லை. நாட்காட்டி மாறிய தலைமுறையே மாற்றாததை நாம் ஏன் மாற்றணும்?

கோட்டைச்சுவடி:
அப்படியானால் வருடத்தை ஏன் மாற்றுகிறீர்கள்? மரணதண்டனை ஆணையில் இருப்பது 1648. அப்போது இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரைக்கும் பழைய வருடக் கணக்கு. பட்டியல்காரர்கள் எல்லோரும் 1648-ஐ 1649 ஆக்கிவிட்டு நாளை மட்டும் தொடாமல் விடுகிறார்கள். 'ஆவணத்தில் உள்ளபடி' என்ற உங்கள் அளவுகோலுக்கும் இது ஒத்துவராது. பாதி மாற்றம், பாதி பழசு. மாற்றினால் முழுக்க மாற்றணும். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அப்படித்தான் செய்தார்கள்: பிறந்தபோது 1731 பிப்ரவரி 11, இப்போது உலகமே எழுதுவது 1732 பிப்ரவரி 22. நாளும் மாறியது, வருடமும் மாறியது, யாருக்கும் குழப்பம் வரவில்லை.

பழையஏடு:
வருடம் பற்றிச் சொன்னது நியாயம். அதற்கு 1648/49 என்று இரண்டையும் எழுதும் வழக்கம் இருக்கிறது. ஆனால் உங்கள் விதியை ஊருக்குள் கொண்டுவந்து பாருங்கள். சென்னை தினம் ஆகஸ்ட் 22. 1639-இல் மதராஸப்பட்டினத்து நிலம் கிழக்கிந்திய கம்பெனிக்குக் கொடுக்கப்பட்ட நாள் என்று கொண்டாடுகிறோம் (ஜூலையா ஆகஸ்டா என்கிற சர்ச்சை தனி). அது ஆங்கிலேயர் எழுதிய ஜூலியன் தேதி. உங்கள் கணக்கில் செப்டம்பர் 1. நகர்த்தப் போகிறீர்களா?

கோட்டைச்சுவடி:
கொண்டாட்டத்தை நகர்த்தச் சொல்லவில்லை. எந்த நாளில் கொண்டாடுவது என்பது மக்கள் முடிவு. பட்டியல் செய்வது வேறு காரியம்: வெவ்வேறு நாட்டுச் சம்பவங்களை ஒரே வரிசையில் நிறுத்தி 'இவை ஒரே தேதி' என்கிறது. அப்படிச் சொல்ல ஒரே நாட்காட்டி வேண்டாமா?

சென்னையிலேயே வலுவான உதாரணம் இருக்கிறது. 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தோனே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலேயர் கணக்கில் கோட்டை சரணடைந்தது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே புதன்கிழமை. முற்றுகை போட்டவனுக்கும் உள்ளே இருந்தவனுக்கும் நடுவில் 11 நாள் வித்தியாசம்! அப்படியே விடும் உங்கள் விதிப்படி இந்த ஒரே சரணாகதி பட்டியலில் இரண்டு முறை வரும், 10-இல் ஒருமுறை, 21-இல் ஒருமுறை. நிறையப் பட்டியல்களில் அப்படித்தான் வருகிறது.

வடசென்னை வாசகன்:
இந்த இடத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையை மறக்கக் கூடாது. புதுச்சேரியில் அவர் எழுதிய நாட்குறிப்பில் தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை, கூடவே ஐரோப்பியத் தேதி எல்லாம் இருக்கும். 1746 செப்டம்பர் என்றால் அட்சய வருடம், ஆவணியின் பின்பகுதியும் புரட்டாசியும். பிரெஞ்சு ஊரில் இருந்ததால் அவர் எழுதும் ஐரோப்பியத் தேதி கிரிகோரியன். கோட்டைப் பதிவுகளோடு அதை வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் கிழமையைப் பிடிக்கணும். எந்த நாட்காட்டியிலும் கிழமை மாறவில்லை. தேதியைத் தாண்டிக் குதித்த நாடுகள்கூட வியாழனுக்குப் பிறகு வெள்ளி என்றுதான் போயின.

மாற்றுகிறவர்கள் தப்புச் செய்யும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை. முதலில் பார்க்க வேண்டியது வருடத்தை அல்ல, தேதியை எழுதியவன் எந்த அரசின் கீழ் இருந்தான் என்பதை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1582 அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 ஆக்கின. பிரான்ஸ் அதே வருடம் டிசம்பர் 9-க்குப் பிறகு 20. டென்மார்க் 1700 வரை ஜூலியன், ஆகவே 1706 ஜூலை 9-இல் டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கின் தேதி ஏற்கெனவே கிரிகோரியன். அதைத் தொடக் கூடாது. பிரிட்டன் 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. அந்தச் சட்டம் அவர்களுடைய எல்லாப் பிரதேசத்துக்கும் பொருந்தும். ஆகவே 1757 ஜூன் 23 பிளாசிப் போரில் 11 நாளைக் கூட்டினால் இரட்டை மாற்றம். ரஷ்யா 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14.

அடுத்தது எத்தனை நாள் என்பது. 1500 மார்ச் முதல் 1700 பிப்ரவரி வரை 10, பிறகு 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதற்குப் பிறகு 13. சம்பவம் நடந்த நூற்றாண்டின் எண்ணைத்தான் போடணும், இன்றைய 13-ஐ அல்ல. அக்டோபர் புரட்சி 1917 அக்டோபர் 25. 13 கூட்டி நவம்பர் 7, சரி. ரஷ்யாவில் ஜார் மன்னருக்கு எதிரான டிசம்பர்வாதிகள் கிளர்ச்சி 1825 டிசம்பர் 14. 12 கூட்டி 26. இதில் ரஷ்ய அரசே வழுக்கியிருக்கிறது. மங்கோலியப் படையை ரஷ்யர்கள் எதிர்த்த குலிகோவோ போர் 1380 செப்டம்பர் 8. பதினான்காம் நூற்றாண்டுக்கு 8 நாள்தான், செப்டம்பர் 16 வரணும். அவர்களுடைய ராணுவப் பெருமை நாட்கள் சட்டத்தில் இருப்பது செப்டம்பர் 21.

கடைசியாகச் சரிபார்ப்பு. ஜூலியன் நாள் எண் என்று வானியலாளர்கள் பயன்படுத்தும் தொடர் எண் உண்டு; நாட்களை விடாமல் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போவது, ஜூலியன் நாட்காட்டி அல்ல. ஜூலியன் 1649 ஜனவரி 30-க்குப் போட்டாலும், கிரிகோரியன் 1649 பிப்ரவரி 9-க்குப் போட்டாலும் 23,23,385 வருகிறது. 7-ஆல் வகுத்தால் மீதி 1. மீதி 0 திங்கள், 1 செவ்வாய். கிழமை ஒத்துப்போகிறது. இது ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ தவறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பழையஏடு:
வாசகன் எழுதியதே என் கட்சிக்குச் சாட்சி. ஒரு நாட்டுச் சட்டமே 5 நாள் தப்பாகப் போடுகிறது என்றால், பட்டியல் போடுகிற ஆயிரம் பேர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? ஆவணத் தேதியை அப்படியே நகலெடுத்தால் அந்தப் பிழைக்கு இடமே இல்லை.

கொலம்பஸ் கரை கண்டது 1492 அக்டோபர் 12, ஜூலியன். 400-ஆம் ஆண்டு வந்தபோது அமெரிக்க அதிபர் ஹாரிசன் 9 நாளைக் கூட்டி 1892 அக்டோபர் 21-ஐ விழா நாளாக அறிவித்தார். கணக்கு சரி. ஆனாலும் மக்கள் 12-க்கே திரும்பிப் போய்விட்டார்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்த 1498 மே 20-ஐ யாராவது மே 29 என்று எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

கோட்டைச்சுவடி:
அவை இரண்டும் 1582-க்கு முந்தியவை. அப்போது கிரிகோரியன் என்று ஒன்றே கிடையாது. ஆகவே ஜூலியனிலேயே விடுவதுதான் வரலாற்றாசிரியர் வழக்கம். குலிகோவோவும் அப்படித்தான், மாற்ற வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் மாற்றித் தப்பும் செய்தார்கள். என் விதியும் 1582-க்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிரச்சினை அதற்குப் பிறகும் பிரிட்டன் மாறாமல் இருந்த அந்த 170 வருடம், ரஷ்யாவுக்கு 336 வருடம். அந்த இடைவெளியில்தான் போலி ஒற்றுமைகள் பிறக்கின்றன.

ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23-இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்பது தெரிந்த கதை. செர்வான்டிஸ் இறந்தது 22, அடக்கம் 23. ஷேக்ஸ்பியரின் 23 கிரிகோரியனில் மே 3. இதைவிட மோசம் கலிலியோ இறந்த வருடம் நியூட்டன் பிறந்தார் என்பது. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, கிரிகோரியன். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, ஜூலியன். இருவரையும் கிரிகோரியனில் வைத்தால் நியூட்டன் 1643 ஜனவரி 4-க்குப் போகிறார். இருவரையும் ஜூலியனில் வைத்தால் கலிலியோ 1641 டிசம்பர் 29-க்குப் போகிறார். இரண்டையும் கலந்தால் மட்டுமே ஒரே வருடம் கிடைக்கும். 'ஆவணத்தில் உள்ளபடி' என்கிற விதி இந்தக் கலப்புக்குக் கதவு திறந்துவிடுகிறது.

உண்மையான ஒற்றுமைக்கு எந்தச் சப்பைக்கட்டும் தேவையில்லை. 1826 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாள். அன்று முன்னாள் அதிபர்கள் இருவர் இறந்தார்கள்: மதியம் ஜெபர்சன், மாலையில் ஜான் ஆடம்ஸ். ஒரே நாடு, ஒரே நாட்காட்டி.

பினாங்கு வாசகர்:
நாட்காட்டியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், கடிகாரத்தை விட்டுவிட்டீர்கள். பட்டியலில் 1941 டிசம்பர் 7 பெர்ல் ஹார்பர், டிசம்பர் 8 மலாயாவின் கோத்தா பாரு என்று அடுத்தடுத்த நாளாக வரும். படிக்கிறவர்கள் ஹவாய் முதலில், மலாயா பிறகு என்று நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. கோத்தா பாரு கரையில் ஜப்பானியர் இறங்கியது 8-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய கொஞ்ச நேரத்தில். பெர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. ஹவாயில் அப்போது ஞாயிறு காலை 8 மணிக்குச் சற்று முன், டோக்கியோவில் திங்கள் விடியலுக்கு முன். இரு தேதிகளும் கிரிகோரியன்தான், ஆனாலும் வரிசை ஏமாற்றுகிறது.

ஜெர்மனி சரணடைந்ததும் அப்படி. சண்டை நிற்க வேண்டிய நேரம் பெர்லினில் மே 8 இரவு 11:01. மாஸ்கோவில் அப்போது மே 9 அதிகாலை 1:01.

வடசென்னை வாசகன்:
நம்மிடமே பெரிய உதாரணம் பாரதியார். செப்டம்பர் 11 பட்டியலில் 1893 விவேகானந்தரின் சிகாகோ உரை, 1906 ஜொகனஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் சத்தியாகிரகத்துக்கு வித்திட்ட கூட்டம், 1921 பாரதியார் மறைவு, 1973 சிலியில் அயெந்தே ஆட்சி கவிழ்ப்பு என்று போகும். பாரதியார் திருவல்லிக்கேணி வீட்டில் உயிர் விட்டது நள்ளிரவு கடந்த பிறகு. ஆங்கிலக் கணக்கில் 12. நம் வழக்கில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். ஆகவே வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் அது 11-ஆம் தேதி ராத்திரி. தமிழ்நாடு அரசு 2021-இல் 'மகாகவி நாள்' அறிவித்ததும் செப்டம்பர் 11-க்கே.

பழையஏடு:
பார்த்தீர்களா? கோட்டைச்சுவடி விதியைக் கடைசிவரை கொண்டுபோனால் பாரதியாரை விவேகானந்தர் பக்கத்திலிருந்து எடுத்து மறுநாளில் வைக்கணும். அவரைச் சுற்றி இருந்தவர்கள் எந்த நாளாக எண்ணினார்களோ அதற்கு மதிப்பே இல்லையா?

கோட்டைச்சுவடி:
மதிப்பு உண்டு, குறிப்பில். இடம் 12-இல்தான். நாள் மாறுவது நள்ளிரவில் என்று மற்ற மூன்றுக்கும் ஏற்றுக்கொண்டுவிட்டு இவருக்கு மட்டும் சூரிய உதயம் என்றால், அந்த வரிசைக்கு அர்த்தமில்லை. நான் போடப்போகும் வடிவம் இது: சம்பவம் நடந்த ஊரின் உள்ளூர் நேரம், கிரிகோரியன் தேதி, கிழமை, அடைப்பில் மூலத் தேதியும் அது எந்தக் கணக்கு என்பதும். 1582-க்கு முன் ஜூலியன், மாற்றமில்லை. மலாயா, ஹவாய் போன்ற இடங்களில் கிரீன்விச் நேரம் கூடுதலாக. மாதிரிக்கு: 'செப்டம்பர் 21, புதன், 1746: புனித ஜார்ஜ் கோட்டை பிரெஞ்சுப் படையிடம் சரணடைந்தது (ஆங்கிலேயர் பதிவில் செப்டம்பர் 10, ஜூலியன்).'

பழையஏடு:
அடைப்பில் மூலத் தேதி கட்டாயம் என்பதை ஏற்கிறேன், கிழமையும் போடலாம். இடம் மாற்றுவதை ஏற்கவில்லை. சரணடைந்தது ஆங்கிலேயர் கோட்டை, அன்று அந்தக் கோட்டைக்குள் தேதி 10. என் பட்டியலில் வரி செப்டம்பர் 10-இல் இருக்கும், 21-இல் 'பார்க்க: செப்டம்பர் 10' என்று ஒரு வரி மட்டும். பாரதியார் 11-இல் இருப்பார், மணி எழுதி.