நிபோங் திபால் கலிடோனியா தோட்டம்: கொள்ளுத்தாத்தாவின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

மலர், பட்டர்வொர்த்
எல்லோருக்கும் வணக்கம். என் தாத்தா 1924-ல் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் கலிடோனியா தோட்டத்தில் பிறந்தவர். எங்களிடம் இருப்பது அவருடைய பிறப்புப் பத்திரம் மட்டும்தான். அப்பா பெயர் முனியன், வேலை கூலி என்று இருக்கிறது. தகவல் கொடுத்தவர் இடத்தில் தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) கையெழுத்து. கொள்ளுத்தாத்தாவின் கைநாட்டுகூட இல்லை. அவர் நாகப்பட்டினத்துக்காரர், ராஜூலா கப்பலில் வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செக்ரட்டேரியட் (மாநில அரசுச் செயலகம்) கோப்புகளில் பெயரை வைத்துத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. தாத்தா தன் அப்பாவின் ஊர் எதுவென்று தெரியாமலே போய்விட்டார். என் அப்பாவாவது அந்த மண்ணை ஒருமுறை மிதிக்க வேண்டும். எங்கே தேடுவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், நிபோங் திபால்
மலர், நல்ல காரியம்மா. சிலாங்கூர் கோப்புகளில் கிடைக்காது. நம் பக்கம் அப்போது புரோவின்ஸ் வெல்லஸ்லி. பினாங்கோடு சேர்ந்து பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்றங்களில் (Straits Settlements) இருந்தது; சிலாங்கூர் அதில் சேராத தனி மாநிலம். அதற்குத் தலைமையகம் சிங்கப்பூர்.

அப்புறம், ராஜூலா கட்டப்பட்டதே 1926-ல். உங்கள் தாத்தா 1924-லேயே இங்கே பிறந்துவிட்டார். கொள்ளுத்தாத்தா முதலில் வந்தது வேறு கப்பல். இடையில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது ராஜூலாவில் ஏறியிருக்கலாம். நாகப்பட்டினமும் அப்படித்தான். அது கப்பல் ஏறிய துறைமுகம். உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே டிப்போவில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள்.

முனியன் என்ற பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. தோட்டத்தைப் பிடியுங்கள். 1910-ல் ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஆள் சேர்த்தது பெரும்பாலும் கங்காணிகள், அதாவது தோட்டத்தில் கூலிகளை மேற்பார்த்தவர்கள். கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், சொந்தபந்தம், அக்கம்பக்கத்து ஆட்களைத்தான் கூட்டிவருவார். அதனால் ஒரே கங்காணியின் கீழ் வேலை செய்து ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்கள் ஒரே வட்டாரத்துக்காரர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்குத் தெரியாத ஊர்ப்பெயர் பக்கத்து வீட்டுக்காரர் பேரனுக்குத் தெரிந்திருக்கும்.

சாந்தி, சுங்கை பாக்காப்
ஐயா சொன்னதோடு இதையும் பாருங்கள் மலர். உங்கள் குலதெய்வம் எது? பெண்களிடம் கேளுங்கள், குறிப்பாகக் கல்யாணமாகிப் போன அத்தைமார்களிடம். மொட்டை, காதுகுத்துக்கு எந்தச் சாமிக்கு முடிந்து வைத்தார்கள், எந்த ஊர் அய்யனார், எந்த ஊர்க் காளி என்று துருவிக் கேளுங்கள். ஆண்கள் மறந்ததை அவர்கள் வைத்திருப்பார்கள். பேசும்போதே போனில் பதிவு செய்துவிடுங்கள்.

ஆறுமுகம், ஜோர்ஜ் டவுன்
சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் ஆங்கிலத்தில் கலிடோனியா என்று தேடுங்கள். ஆண்டைக் கட்டாயம் 1910-லிருந்து 1925-க்குள் வையுங்கள். இல்லாவிட்டால் 1948-ல் அங்கே தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சுட்டுக் கொல்லப்பட்ட செய்திகள் வந்து மறைத்துவிடும். கங்காணி பெயர் ஏதாவது தென்பட்டால் இங்கே போடுங்கள்.

மலர், பட்டர்வொர்த்
எல்லோருக்கும் நன்றி. பெரிய அத்தையிடம் பேசினேன். அய்யனார் என்றுதான் முதலில் சொன்னார். எந்த ஊர் என்று விடாமல் கேட்டதும், "நம்ம லயத்துல எல்லாருமே மன்னார்குடிப் பக்கம்னு எங்க ஆயா சொல்லும்" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதே இல்லையாம். இப்போது திருவாரூர் மாவட்டம் என்று தேடலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், நிபோங் திபால்
அருமை! ஆனால் பழைய ஆவணங்களில் திருவாரூர் மாவட்டம் என்று தேடாதீர்கள். அது 1997-ல் வந்தது. அன்றைக்கு மன்னார்குடி தஞ்சாவூர் மாவட்டம். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எழுதினாலும் தஞ்சாவூர், மன்னார்குடி தாலுகா என்றே குறிப்பிடுங்கள். அதற்கு முன்னால், அத்தையின் லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அந்தக் குடும்பங்களில் சிலர் இன்னும் எங்கள் ஊரில்தான் இருப்பார்கள். பெயர் கொடுத்தால் நானே விசாரித்துச் சொல்கிறேன்.