புதுப்பிப்பு: இடப்பக்கம் விலகும் அம்பு சரியாகிவிட்டது

வில்லின் அமைப்பைச் சோதிக்க, 18 மீட்டரில் என் 68 அங்குல ரிகர்வ் வில்லிலிருந்து (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) எய்யும் இறகில்லாத அம்பு, இறகுள்ளவற்றுக்கு இடப்பக்கமே குத்துகிறது என்று கேட்டிருந்தேன் (வலக்கைப் பழக்கம்). யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் நாணை முறுக்கி, பிரேஸ் உயரத்தை (நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி) எட்டரையிலிருந்து எட்டே முக்கால் அங்குலமாக்கினேன். வில்லின் சத்தம் அடங்கியது, விலகல் அப்படியே.

பலித்தது தூத்துக்குடி நண்பர் சொன்னதுதான்: அம்பு விறைப்பாகப் போகிறது (போதிய அளவு வளையவில்லை), பிளஞ்சரின் (அம்பு பக்கவாட்டில் சாயும், வில்லிலுள்ள அழுத்துபொத்தான்) சுருள்வில்லைத் தளர்த்துங்கள். ஆனால் தளர்த்தியும் மாற்றமில்லை. பிளஞ்சரின் முனையை விரலால் அழுத்தினால் உள்ளே போக மறுத்தது. கழற்றினால், சுருளின் வளையங்களுக்கிடையே உப்புப் பொருக்கும் பொடிமணலும்! எங்கள் மண்டபம் ஊரின் கடற்காற்று வேறென்ன செய்யும்? ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். எண்ணெய் போடவில்லை, அது மணலைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்த, இரண்டு வகை அம்பும் ஒரே இடத்தில் சேர்ந்தன.

மிச்சமிருந்தது இறகில்லாத அம்பு சற்று மேலே குத்துவது. நாணில் அம்பு பொருத்தும் புள்ளியைக் கொஞ்சம் உயர்த்தியதும் அதுவும் இறங்கிவிட்டது.

கச்சான் (மேற்குக்) காற்று வீசும்போது இந்தச் சோதனை வேண்டாம்; இறகில்லாத அம்பைக் காற்று தன் போக்கில் தள்ளிவிடும். நான் விடியற்காலையில்தான் பார்த்தேன். 30 மீட்டரில் இன்னும் பார்க்கவில்லை.