விக்கிப்பீடியாத் தொகுத்தலை இளங்கலை வகுப்பில் ஒப்படைப்பாகத் தரலாமா?

வடசேரியார் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் உள்ள ஒரு கல்லூரியில் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் தாளில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண். அதில் ஒப்படைப்புக்கு உரிய பங்கை, ஏ4 தாளில் எழுதி நூலால் கட்டித் தரும் பத்துப் பக்கங்களுக்கே இதுவரை வழங்கி வந்தோம். அவற்றை வாசித்துக் கையொப்பமிடுகிறேன். தேர்வு முடிந்ததும் அவை அலமாரியின் மேல் ஏறி, அடுத்த ஆண்டு பழைய தாள் கடைக்குப் போகின்றன. ஒரே கட்டுரை நாற்பது கையெழுத்துகளில் வந்து சேர்வதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பருவத்தில் அதற்கு மாற்றாக, வகுப்பிலுள்ள 46 பேரும் தத்தம் ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் 5,000 பைட்டுக்கு (கணினியில் உரையின் அளவைக் காட்டும் அலகு) குறையாமல் ஒரு புதிய கட்டுரை எழுத வேண்டும் என்று சொல்ல எண்ணியிருக்கிறேன். எழுதியதை நான் ஒருவன் மட்டும் அல்லாமல் ஊரே வாசிக்கும் என்பது அவர்களுக்கு ஓர் ஊக்கமாக இருக்கும் என்பது என் நம்பிக்கை. ஆனால் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு இதையே செய்தபோது, மாணவர் எழுதியவற்றில் பாதி ஒரே வாரத்தில் நீக்கப்பட்டுவிட்டது. அழுதுகொண்டு வந்த மாணவிகளுக்கு என்ன மதிப்பெண் இடுவது என்று தெரியாமல், அவர் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண்ணை இட்டு முடித்துவிட்டார். கட்டுரை நீக்கப்பட்டால் மாணவர் தோற்றதாகக் கொள்வதா? ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களின் தலையில் எங்கள் வகுப்பைச் சுமத்துவது முறையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மணல்தொட்டி (மறுமொழி)

பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். பத்தாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுத்து வருகிறேன். புதிதாக வரும் பக்கங்களைப் பார்வையிடும் வேலையையும் செய்கிறேன். ஆகவே, அந்த மாணவிகளை அழவைத்த தரப்பிலிருந்து ஒருவன் எழுதுவதாகவே கொள்ளுங்கள்.

நாங்கள் நீக்கும் மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். நாளிதழின் இணையப் பக்கத்திலிருந்து வரிவரியாக எடுத்து ஒட்டியவை ஒரு வகை. 'இயற்கை எழில் கொஞ்சும் எங்கள் ஊரில்' என்று தொடங்கி, கொடைவிழா, கபடிக் குழு, ஊர்ப் பெரியவரின் நற்குணம் என்று நடந்து, சான்று ஒன்றுகூட இல்லாமல் முடிபவை மற்றொரு வகை. இரண்டாவதைத் திருத்தி எடுக்க வழியுண்டு. முதலாவதற்கு இல்லை. விக்கிப்பீடியாவின் உரை கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தில் வெளியாகிறது. ஆக்கியோரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில், யாரும் அதை அச்சிட்டு விற்கவும் செய்யலாம். தமக்குச் சொந்தமில்லாத எழுத்தை அவ்வாறு ஊருக்கு எழுதிக் கொடுக்க மாணவருக்கு உரிமை இல்லை. மூலத்தின் பெயரை அடியில் குறிப்பிட்டாலும் இல்லை.

2011இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையே முன்னின்று புனேயில் உள்ள சில கல்லூரிகளில் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே காலத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குள் வந்தார்கள். பாடநூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் படியெடுத்த பத்திகள் குவிந்தன. தன்னார்வலர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் துப்புரவு செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் நிறுத்தப்பட்டது. மாணவர்களுக்குத் தீய எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. பாடநூல் வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் தரும் முறையில் பன்னிரண்டு ஆண்டுகள் பழகியவர்களை, ஒரே வாரத்தில் சொந்தச் சொல்லில் எழுதச் சொன்னால் வேறு என்ன நடக்கும்?

உங்கள் திட்டத்தில் நான் முதலில் அடிக்க விரும்புவது அந்த 5,000 பைட்டு என்பதை. தமிழில் ஒரு குறியீடு 3 பைட்டு எடுத்துக்கொள்ளும். 'கி' என்ற ஒற்றை எழுத்தே 'க', இகரக் குறி என இரண்டு குறியீடுகள் என்பதால் 6 பைட்டு. ஆகவே, 5,000 பைட்டு என்பது ஏறத்தாழ இருநூறு சொற்கள்தாம், அதிலும் ஒரு பகுதியை வார்ப்புருக்கள் (தகவல் பெட்டி போன்ற ஆயத்தச் சட்டங்கள்) விழுங்கிவிடும். அளவை நிறுத்துக் காட்டச் சொன்னால் மாணவர் அளவை மட்டுமே கொண்டுவருவார்.

இன்னொரு செய்தி சிறியது, ஆனால் முதல் நாளே உங்களை வீழ்த்திவிடும். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்க மென்பொருள் இடம் தராது. கணினி ஆய்வகத்தில் 46 பேரையும் அமர்த்தினால், ஏழாவது மாணவரிலிருந்து அனைவரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கணக்கை முன்னதாகவே வீட்டில் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு கணக்கு ஒருவருக்கே உரியது என்பதால், குழுவுக்கு ஒன்று என்று பிரிப்பதும் கூடாது. வகுப்பு தொடங்குவதற்கு முன், தொகுப்பவர்கள் கூடிப் பேசும் ஆலமரத்தடிப் பக்கத்தில் நான்கு வரி எழுதி வைத்தால், எங்களில் இருவராவது உடன் நிற்போம்.

குழித்துறைக்காரர் (மறுமொழி)

மேலே சொல்லப்பட்ட ஏழாவது மாணவரின் முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு பருவங்கள் இந்த ஒப்படைப்பைத் தந்தேன். முதலாவது முழுத் தோல்வி.

இரண்டாம் முறை புதிய கட்டுரை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஏற்கனவே இருக்கும் குமரி மாவட்டக் கட்டுரை ஒன்றை ஐவர் குழுவுக்குக் கொடுத்து, ஒவ்வொருவரும் அதில் மூன்றே மூன்று வாக்கியங்களைச் சான்றுடன் சேர்க்க வேண்டும் என்றேன். கேட்பதற்கு மிக எளிது. வகுப்பில் முனகல் எழுந்தது, 'இவ்வளவுதானா' என்று. மூன்றாம் வாரத்தில் அந்த முனகல் அடங்கியது, ஏனெனில் ஒரு வாக்கியத்துக்குச் சான்று தேடுவது பத்துப் பக்கம் படியெடுப்பதைவிடக் கடினம் என்று தெரிந்துவிட்டது.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொண்ட குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பறளியாற்றுக்குக் குறுக்கே பாசன நீரைக் கொண்டுசெல்ல 1966இல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் உயரம் 115 அடி என்பது எங்கும் காணப்படும் செய்தி. தூண்களின் எண்ணிக்கையைத் தாங்களே சரிபார்க்க வேண்டும் என்று ஐவரும் ஒரு சனிக்கிழமை பேருந்தேறிப் போனார்கள். இருவர் ஓர் எண்ணையும் மூவர் வேறோர் எண்ணையும் கொண்டுவந்தார்கள். கரையோரத்தில் பாறையோடு ஒட்டி நிற்கும் கட்டுமானத்தையும் தூணாகக் கொள்வதா என்பதில்தான் சண்டை. 'நேரில் போய் எண்ணியதை எழுதக் கூடாது, அச்சில் வந்ததைத்தான் எழுத வேண்டும் என்றால் இது என்ன நியாயம், சார்?' என்று ஒரு மாணவர் கேட்டார். அதற்கு நான் விடை சொல்லவில்லை. அவர்கள் ஐவரையும் எதிரெதிரே நிற்க வைத்து, 'இதில் யாருடைய எண்ணை எழுதுவது?' என்று மட்டும் கேட்டேன். சொந்த ஆய்வு கூடாது என்ற விதியை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர்கள் எடுத்த படங்களுக்கு அந்தத் தடை இல்லை. தாமே எடுத்தவை என்பதால் அவற்றைப் படங்களுக்கான களஞ்சியமாகிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினார்கள்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். தொகுப்பு, அதாவது மாணவர் செய்த மாற்றம், நிலைத்ததா, நீக்கப்பட்டதா என்பதற்கு நான் மதிப்பெண் இடவில்லை. 10 மதிப்பெண்ணில் 5, மூல நூலின் வாக்கியத்தையும் தம் வாக்கியத்தையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிக் காட்டுவதற்கு. 3, கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும். மீதி 2, தொகுப்பு நீக்கப்பட்டிருந்தால் ஏன் நீக்கப்பட்டது என்றும், நிலைத்திருந்தால் அடுத்து என்ன குறை இருக்கிறது என்றும் அரைப் பக்கம் எழுதுவதற்கு. யார் எப்போது எதை மாற்றினார் என்று பதியும் வரலாற்றுப் பக்கம் மற்றதைக் காட்டிக்கொடுத்துவிடும்: உழைத்தவரின் பெயர் சிறு சிறு மாற்றங்களாகப் பல நாள்களில் வரும், ஒட்டியவரின் பெயர் கடைசி நாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரே வரியாக வரும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் பத்திகளும் அப்படித்தான் வந்து விழுகின்றன, இல்லாத நூலைச் சான்றாகக் காட்டிக்கொண்டு.

நூலகத்து மேசை (மறுமொழி)

கல்லூரி நூலகர் ஒருவரின் பார்வையிலிருந்து சில சொற்கள். சான்று இல்லை என்று மாணவர்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் தேடும் இடம் தவறியதால் வருவது. அதுவரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டம், 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முந்திய செய்தியைச் சென்னை மாகாணத்து ஆவணங்களில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1906இல் வெளிவந்த நாகம் ஐயாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலிலும், கல்வெட்டுகளுக்குத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளிலும் தேட வேண்டும். பழைய ஆவணங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அது வாசிக்கத் தெரியாது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருக்கும்.

அங்கே ஒரு குழி காத்திருக்கிறது: திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. அதை ஆங்கில ஆண்டாக மாற்ற மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 825ஐக் கூட்டிவிடுகிறார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் மார்கழியின் நடுப்பகுதி வரை 824ஐயும், அதன்பின் ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் வந்த அரசாணை 1034ஆம் ஆண்டு ஆடி மாதத்தது. 825ஐக் கூட்டினால் 1859 என்று சரியாக வரும். அதே 1034இன் ஆவணியில் நடந்த ஒன்றுக்கும் 825ஐக் கூட்டினால் ஓராண்டு பிழை, அந்தப் பிழை விக்கிப்பீடியாவிலிருந்து நூறு தளங்களுக்குப் படியெடுக்கப்படும்.

விளைபொருள்களை எழுதுவோருக்கு வேறு வழி இருக்கிறது. கன்னியாகுமரி கிராம்பு 2021இலும் மட்டி வாழைப்பழம் 2023இலும் புவிசார் குறியீடு பெற்றன. விண்ணப்ப விவரங்கள் புவிசார் குறியீட்டு இதழில் அச்சாகியிருக்கும். விண்ணப்பித்தவரே சொல்லிக்கொண்ட பெருமை எது, பிறர் உறுதிசெய்தது எது என்று பிரித்து வாசிப்பதே ஒரு நல்ல பயிற்சி.

முன்னாள் மாணவி (மறுமொழி)

ஆசிரியப் பெருமக்கள் பேசும் இடத்தில் மாணவராக இருந்தவர் ஒருவரின் குரலும் இருக்கட்டும். எங்கள் வகுப்பில் பதிவெண்ணையே பயனர் பெயராக வைக்கச் சொன்னார்கள். மதிப்பெண் இடுவதற்கு அது எளிது. ஆனால் பத்தொன்பது வயதில் நான் செய்த பிழைகளும், அவற்றுக்கு அந்நியர் எழுதிய கண்டிப்பான குறிப்புகளும், என்னை அடையாளம் காட்டும் ஓர் எண்ணின் கீழ் இன்றும் எவரும் பார்க்கும்படி கிடக்கின்றன. என் ஊர்க் கட்டுரையில் இரண்டு வழிபாட்டிடங்களில் எது பழையது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைக் கேட்டு எங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்தார். அப்பாதான் சமாதானம் சொல்லி அனுப்பினார். பொதுவெளியில் எழுத விரும்பாத மாணவருக்கு, அதே மதிப்பெண்ணுக்கு உரிய வேறு வேலை இருந்தே ஆக வேண்டும். அதைக் கேட்பதற்கு அவர் கூச்சப்படும் நிலையும் இருக்கக் கூடாது.

அத்தகைய ஒரு வேலையாக, பழைய நூல்களை இணையத்தில் உரையாக்கும் விக்கிமூலத்தைப் பரிந்துரைக்கிறேன். அங்கும் கணக்கு வேண்டும் என்றாலும், கருத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. தமிழ் விக்கிமூலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களின் பக்கப் படங்கள் இருக்கின்றன. கணினி அவற்றை வாசித்து உருவாக்கிய உரையில் துணைக்கால் 'ர' ஆகவும், 'ர' துணைக்காலாகவும் மாறிக் கிடக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் வரும் பழைய 'லை', 'னை' வடிவங்களில் இன்னும் தடுமாறும். படத்தைப் பார்த்து உரையைத் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்த பின்பே பச்சையாகும். திருத்தியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது, ஆகவே படியெடுக்கவும் இடமில்லை. தமிழிலக்கியம் படிக்கும் மாணவருக்குப் புணர்ச்சியும் யாப்பும் இங்கேதான் கைவேலையாகப் பயன்படுகின்றன: தளை தட்டுகிறதே என்று பார்த்து எழுத்துப் பிழையைப் பிடித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

வடசேரியார் (மறுமொழி)

அனைவருக்கும் நன்றி. பைட்டுக் கணக்கைக் கைவிட்டேன். ஊர்க் கட்டுரையையும் கைவிட்டேன். பயனர் பெயரில் பதிவெண்ணோ இயற்பெயரோ வேண்டியதில்லை, எந்தப் பெயர் யாருடையது என்ற பட்டியல் என்னிடம் மட்டும் இருக்கும். முதல் நான்கு வாரங்கள் விக்கிப்பீடியாவின் பயிற்சிப் பக்கமான மணல்தொட்டிக்கு வெளியே எதையும் எழுதாமல், நூலகத்தில் சான்று தேடுவதற்கே விடுகிறேன். மூன்று வாக்கியங்கள் அல்லது விக்கிமூலத்தில் பதினைந்து பக்கங்கள். எதைத் தேர்ந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். குழித்துறை நண்பரின் 5, 3, 2 பகுப்பை மூன்று வாக்கியக்காரர்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன். விக்கிமூலத்துக்கு மட்டும் உரையாடலுக்குரிய 3ஐ, பிறர் திருத்திய பக்கத்தைச் சரிபார்ப்பதற்கு மாற்ற வேண்டும்.

இன்று வகுப்பில் இதைச் சொன்னபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் நால்வர் இருக்கிறார்கள். இத்தனை நாளும் அதை ஒரு தகுதியாக யாரும் கேட்கவில்லை என்பதால் அவர்களும் சொன்னதில்லை. மற்றொன்று, பெரும்பாலோர் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்திலேயே தட்டிப் பழகியவர்கள்; தமிழ் விசைப்பலகையைத் தொட்டவர்கள் பதினொரு பேர்தான். ஆகவே, முதல் வகுப்பு விக்கிப்பீடியாவைப் பற்றி இருக்காது. கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை நிறுவுவதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எளிதாகக் கற்கக்கூடிய விசைப்பலகை எது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்று.