மகனுக்கும் அப்பாவுக்கும் ஓசிடி: ஒரே நோய்க்கு இரண்டு வழிகள் ஏன்?

மதுரைவாசி:
வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யத் தூண்டும் ஓசிடி நோய் என் வீட்டில் இருவருக்கு. கிருமி ஒட்டிவிடும் என்ற அச்சத்தில் என் 11 வயது மகன் தோல் உரியும்வரை கை கழுவுகிறான். 68 வயதான என் அப்பா, கேஸ் வால்வையும் கதவுப் பூட்டையும் பலமுறை சரிபார்க்காமல் உறங்கச் செல்வதில்லை, இளமையிலிருந்தே அப்படித்தான். இருவரையும் பார்த்த மனநல மருத்துவர் அப்பாவுக்கு மாத்திரை எழுதிவிட்டு, மகனுக்கு முதலில் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் பயிற்சி) போதும் என்கிறார். இந்த வேறுபாடு ஏன்?

நெய்தல்:
குழந்தைகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பேரிடம் அமெரிக்காவில் 12 வாரங்கள் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், சிபிடியும் செர்ட்ராலின் என்ற மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினருக்கும், சிபிடி மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் நோய்க்குறிகள் பெரும்பாலும் நீங்கின. சிபிடி மட்டும் பெற்றவர்களின் முன்னேற்றம் ஆய்வு நடந்த மையத்துக்கு மையம் வெகுவாக மாறியது என்பதையும் கவனியுங்கள். ஆகவே பயிற்சி தருபவர் ஓசிடியில் தேர்ந்தவரா என்று கேட்பது அவசியம். நோய் கடுமையாக இருந்தால் குழந்தைக்கும் மருந்து தேவைப்படலாம். அப்படி மருந்து தொடங்கினால், தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று தொடக்க வாரங்களில் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்.

கரிசல்காட்டான்:
பெரியவர்களுக்கு மருந்துதான் மேல் என்று இதனால் முடிவுகட்டிவிட வேண்டாம். அஞ்சுவதை எதிர்கொண்டு, கழுவுதல், சரிபார்த்தல் போன்ற சடங்கைச் செய்யாமல் பொறுத்திருக்கும் பயிற்சியையும் குளோமிப்ரமின் என்ற மாத்திரையையும் பெரியவர்களிடம் ஒப்பிட்ட 2005ஆம் ஆண்டு ஆய்வில், பயிற்சிக்கு 62 விழுக்காட்டினரும் மாத்திரைக்கு 42 விழுக்காட்டினரும் பலன் கண்டனர். இரண்டையும் சேர்த்தபோது 70 என்றாலும், பயிற்சியை மட்டும் பெற்றவர்களைவிட அது உறுதியாக மேலானது என்று சொல்ல இயலவில்லை. மாத்திரை முழுப் பலன் தர 10, 12 வாரங்கள்கூட ஆகும் என்பதால் அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. இம்மாத்திரைகளால் முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும். நீர் பிரிவதற்கான மாத்திரையும் எடுத்துக்கொண்டால் அந்த ஆபத்து கூடும். குளோமிப்ரமின் என்றால் இசிஜி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அப்பாவுக்குப் பயிற்சியும் தரலாமா என்று நீங்களே கேளுங்கள். வயதானவர் பழக்கத்தை மாற்றமாட்டார் என்பது நாம் கட்டிவைத்த நம்பிக்கை.

அகல்விளக்கு:
என் மகள் இதே பயிற்சியில் இருந்தபோது எனக்குத்தான் அதிகம் கடினமாக இருந்தது. ‘கை சுத்தமாக இருக்கிறதா?’ என்று அவள் கேட்கும்போதெல்லாம் ‘ஆமாம்’ என்று ஆறுதல் சொல்லிச் சொல்லியே நோயை ஊட்டி வளர்த்திருக்கிறோம் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. பதில் சொல்வதைச் சிறிது சிறிதாகக் குறைக்கக் கற்பதற்கே எங்களுக்கு நான்கு அமர்வுகள் தேவைப்பட்டன.

மதுரைவாசி:
நன்றி. இரவில் அப்பாவுக்காகப் பூட்டை இழுத்துப் பார்த்துச் சொல்வதும் நான்தான். அதையும் மருத்துவரிடம் சொல்கிறேன். அப்பா உட்கொள்ளும் இரத்த அழுத்த மாத்திரையையும் எடுத்துச் செல்கிறேன்.