ஜாக் சார்ல்ஸ்: மேடையிலோ திரையிலோ பார்த்தவர்கள் எழுதுங்கள்

மண்வாசல்

சிட்னி பெல்வார் அரங்கு. மறைந்த ஆஸ்திரேலியப் பழங்குடி நடிகர் ஜாக் சார்ல்ஸ் தம் வாழ்க்கையையே நடித்த ‘ஜாக் சார்ல்ஸ் வெர்சஸ் த கிரவுன்’ (ஜாக் சார்ல்ஸ் எதிர் அரசு) நாடகம். நாங்கள் இருக்கை தேடி உட்காரும்போதே அவர் மேடையில் பானை வனைந்துகொண்டிருந்தார். நாடகம் தொடங்கிவிட்டதா இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை. குட்டையான உருவம், வெள்ளைத் தாடி, கையெல்லாம் களிமண். அந்தத் தொழிலை அவர் சிறையில்தான் கற்றுக்கொண்டார். திரையில் அவரைப் பற்றி அதிகாரிகள் எழுதிவைத்த கோப்புகளின் வரிகள் ஓடின; கீழே அந்தக் கைகள் மண்ணை மெல்ல மேலே இழுத்துக்கொண்டிருந்தன. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நான் கைகளையே பார்த்தேன். பிறகு பேசினார். அந்த உடம்புக்குள் இருந்து அப்படி ஒரு குரல்! முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே அளவில் கேட்கும் குரல்.

பானை முழுமையாக எழும்பியதா என்பது மட்டும் நினைவில் இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. நாடகம்தான் அவரைச் சிறையிலிருந்து மீட்டது என்று நம்புகிறேன்.

பழைய சுவரொட்டி

மண்வாசல், உங்கள் கடைசி வரியை ஏற்க முடியாது. 1971-இல் பழங்குடி நாடகக் கலைஞர் பாப் மாசாவுடன் சேர்ந்து ‘நிண்டெத்தானா’ நாடகக் குழுவைத் தொடங்கியவர் அவர். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் முதல் நாடகக் குழு அது. அவர் நடித்த ‘த சான்ட் ஆஃப் ஜிம்மி பிளாக்ஸ்மித்’ படம் 1978-இல் வந்தது. நாடகம் மீட்டிருந்தால் அப்போதே மீட்டிருக்க வேண்டும். ஹெராயினும் வீடு புகுந்து திருடுவதும் சிறையும் மேடையும் பல பத்தாண்டுகள் சேர்ந்தேதான் ஓடின. 22 முறை சிறை. பணக்காரர் வீடுகளில் திருடியதைக்கூடத் தம் மக்களின் நிலத்துக்கு வாடகை வசூலிப்பதாகவே அவர் சொல்லிவந்தார்.

எனக்கு உறுத்துவது வேறு. ‘போனி’ என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் ஒரு துண்டைப் பார்த்தேன். கதாநாயகன் பழங்குடித் துப்பறிவாளன். அந்த வேடத்துக்கு ஜாக் சோதனைக்குப் போயிருக்கிறார். நீலக் கண் உள்ளவர் வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வந்து நின்றவர் முகத்தில் கருமை பூசிய வெள்ளை நடிகர். நெருக்கக் காட்சியில் அந்தப் பூச்சைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். மேற்கொண்டு பார்க்க மனம் வரவில்லை.

இரவு ஓட்டம்

மெல்பர்னில் டாக்சி ஓட்டுகிறேன். 2015-இல் விக்டோரியாவின் மூத்த குடிமகன் விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்த சமயத்திலேயே, ஒரு ஓட்டுநர் முன்பணம் கொடுத்தால்தான் ஏற்றுவேன் என்றார். அடுத்த ஆண்டும் அவரை ஏற்ற மறுத்த செய்தி வந்தது. அந்த வாரம் என் வண்டியில் ஏறிய ஓர் அம்மையார், பழங்குடிப் பெண், உட்காருவதற்கு முன்பே ஐம்பது டாலர் நோட்டை எடுத்து என் கண்ணுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டார். நான் கேட்கவே இல்லை. வீடு வரும்வரை அந்த நோட்டு அவர் கையிலேயே இருந்தது.

முன்பணம் என்பது என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. 2008-இல் ஓர் ஓட்டுநரைக் கத்தியால் குத்தினார்கள். நாங்கள், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஃபிளின்டர்ஸ் தெருச் சந்திப்பில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து மறித்தோம். அதன் பிறகுதான் இரவு நேரத்தில் முன்கூட்டியே கட்டணம் வாங்கும் விதியும் பாதுகாப்புத் தடுப்பும் வந்தன. எங்கள் உயிருக்காக வாங்கிய விதி அது. இரவில் ஏறும் எல்லோரிடமும் கேட்டால் அது விதி. முகத்தைப் பார்த்து ஒருவரிடம் மட்டும் கேட்டால் அதற்கு வேறு பெயர். தம்பிகளே, புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கேட்பதென்றால் கோட்டு போட்டவரிடமும் கேளுங்கள். தயக்கமாக இருந்தால், எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தை ஒரே தொனியில் சொல்லப் பழகுங்கள். பயணி கோபப்பட்டால் விதி ஒட்டியிருக்கும் இடத்தைக் காட்டுங்கள், வாதாடாதீர்கள். பயம் வரும், எனக்கும் வரும். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு நிறத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கிழக்குக் கரை வாசகி

விமானத்தில் ‘பேன்’ (Pan) படம், பீட்டர் பேன் கதை. பழங்குடித் தலைவராக அவர் வாய் திறந்ததும், கண் மூடியிருந்த நான் எழுந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அவரைப் பற்றிய ‘பாஸ்டர்டி’ ஆவணப்படத்தில் (2008) தொடங்காதீர்கள். தொடக்கத்திலேயே ஹெராயின் ஊசி போட்டுக்கொள்கிறார். குழந்தைகளோடு உட்காரவே வேண்டாம். முதலில் 2019-இல் வந்த அவருடைய தன்வரலாற்றைப் படியுங்கள். பிறகு 2021-இல் வம்ச வேர் தேடும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்த பகுதி. தம் தந்தை யார் என்பதை எழுபது வயது கடந்த பிறகு அதில்தான் தெரிந்துகொள்கிறார். அதற்குப் பிறகு ஆவணப்படத்தைப் பாருங்கள், அந்த ஊசிக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையும் தெரிவான். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர் நடித்த ‘பிரெப்பர்ஸ்’ நகைச்சுவைத் தொடர் நல்லது. இறந்தவரின் பெயரைச் சொல்வது பழங்குடி மக்களிடம் பல இடங்களில் தவிர்க்கப்படும் வழக்கம். இவர் பெயரையும் படத்தையும் பயன்படுத்தக் குடும்பத்தார் அனுமதி தந்திருக்கிறார்கள். ஆகவே தயங்காமல் எழுதுங்கள்.

பழைய சுவரொட்டி

வாசகி அக்கா, வரிசை போட்டுப் பார்க்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊசியை முதலில் காட்ட அனுமதித்தவர் அவரேதான். அவர் மறைக்காததை நாம் ஏன் பின்னுக்குத் தள்ள வேண்டும்?

வன்னியூர்

நான் மேடையில் பார்த்ததில்லை. விக்டோரியாவில் பழங்குடி மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை விசாரித்த யூருக் நீதி ஆணையத்தில், 2022-இல் பழங்குடி மூத்தோரில் முதல் ஆளாக அவர் சாட்சி சொன்னதை இணையத்தில் பார்த்தேன். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கும் அரசுக் கொள்கையால், நான்கு மாதக் குழந்தையாகத் தாயிடமிருந்து எடுக்கப்பட்டவர். பாக்ஸ் ஹில் சிறுவர் இல்லத்தில் அவரை அநாதை என்று சொல்லி வளர்த்தார்கள். பதினேழு வயதில் மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதிக்குப் போய்த் தம் சொந்தங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். தாய் உயிரோடு இருக்கிறார் என்று அங்கேதான் தெரிந்தது. சொந்தங்களைத் தேடிப் போனதற்காகவே பிடித்து அடைத்தார்கள். எங்கள் ஊரிலும் பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மாரை அறிவேன், ஆனால் தாயைத் தேடிய பிள்ளையைப் பூட்டியதை நான் கேள்விப்பட்டதில்லை. எழுந்து வெளியே போய் நின்றுவிட்டேன்.

மண்வாசலுக்கும் சுவரொட்டிக்கும் ஒன்று. அந்த ‘கிரவுன்’ நாடகமே ஒரு மனு. சிறையிலிருக்கும் பழங்குடி இளைஞர்களிடம் போய்ப் பேச விரும்பினார். அவருடைய பழைய குற்றப் பதிவுதான் குறுக்கே நின்றது. அதை நீக்கச் சொல்லித்தான் மேடையில் வாதாடினார். யார் யாரை மீட்டார்கள் என்பதை அங்கிருந்து பேசுவோமே.

அவர் நடித்த ‘பிளாக்ஃபெல்லாஸ்’ படம் (1993) எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.