கைமாற்றா, நன்கொடையா? பாலக்கோடு வீட்டுக் குழுவில் ஒரு நாள்

*ஓசூர் மாமா, காலை 7:10*
அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை பட்டறையை மூடுகிற நேரத்தில் ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் இருவருடன் வந்து, தேர்தல் செலவுக்கு மூன்று லட்சம் ரூபாய் வேண்டும் என்று கேட்டார். அவ்வளவு பெரிய நன்கொடை என்னால் இயலாது என்று சொன்னதும், "நன்கொடை வேண்டாம், கைமாற்றாகக் கொடுங்கள், தேர்தல் முடிந்து மூன்று மாதத்தில் திருப்பிவிடுகிறோம், கடன் என்றால் தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் காட்டுகிற வேலையே இல்லை" என்றார். எந்தக் கட்சி என்று இங்கே எழுதப்போவதில்லை. நம் வீட்டிலேயே மூன்று கட்சிக்காரர்கள் இருக்கிறீர்கள். அவர் சொன்னது சரிதானா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். கண்ணு, நீ ஆடிட்டர் அலுவலகத்தில்தானே இருக்கிறாய், சொல்.

*நான், காலை 7:34*
பாதி சரி, மாமா. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 29சி என்ற பிரிவின்படி, ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, பான் எண், தொகை, கொடுத்த விதம் ஆகியவற்றைக் கட்சி 24ஏ என்ற படிவத்தில் எழுதி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாத கட்சிக்கு வருமான வரி விலக்கு கிடையாது. ஆனால் அந்தப் படிவம் கேட்பது நன்கொடையை, கடனை அல்ல. கடன் வாங்கினால் அது கட்சியின் ஆண்டுத் தணிக்கைக் கணக்கில், பேலன்ஸ் ஷீட்டின் பொறுப்புகள் பக்கத்தில்தான் வரும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேலன்ஸ் ஷீட் என்பது மார்ச் 31 அன்று இரவு எடுத்த புகைப்படம் போன்றது. ஏப்ரலில் வாங்கி ஜூலையில் அடைத்த கடன் அந்தப் படத்தில் நிற்காது.

*காவேரிப்பட்டணம் அத்தை, காலை 7:41*
அடைக்காத கடன் நிற்குமா, கண்ணு?

*நான், காலை 7:44*
நிற்கும், அத்தை. வருடா வருடம் நிற்கும். கொடுத்தவர் ஒருநாள் "போகட்டும்" என்று விட்டுவிட்டால், அன்றைக்கு அது நன்கொடை ஆகிவிடுகிறது. அந்த நாளைத்தான் யாரும் குறித்து வைப்பதில்லை.

*பாலக்கோடு பெரியப்பா, காலை 8:05*
மாப்பிள்ளை, நான் முப்பத்திரண்டு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பேரேடு எழுதியவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் கேட்டது தனி மனிதரான உங்களிடமா, பிரைவேட் லிமிடெட் கம்பெனியிடமா? இரண்டுக்கும் சட்டம் வேறு.

*ஓசூர் மாமா, காலை 8:11*
கம்பெனிப் பணம்தான், மச்சான். என் சொந்தக் கணக்கில் மூன்று லட்சம் எங்கே இருக்கிறது?

*நான், காலை 8:30*
அப்படியானால் கைமாற்று என்ற பேச்சே எழாது, மாமா. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் 186-ஆம் பிரிவின்படி ஒரு கம்பெனி வெளியில் கடன் கொடுத்தால், கடனின் கால அளவுக்கு மிக நெருங்கிய அரசுக் கடன் பத்திரத்தின் வருவாய்க்குக் குறையாத வட்டி வாங்கியே ஆக வேண்டும். வட்டியில்லாக் கைமாற்று என்பது நம் தெருவில் உண்டு, அந்தச் சட்டத்தில் இல்லை. நன்கொடை என்றால் 182-ஆம் பிரிவு: கம்பெனி தொடங்கி மூன்று நிதியாண்டுகள் ஆகியிருக்க வேண்டும், இயக்குநர் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும், காசோலை, வரைவோலை அல்லது வங்கி வழி மட்டுமே கொடுக்க வேண்டும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் ஏழரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் சராசரி எட்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால், 60,000 ரூபாய்தான் உச்சம். மீறினால் கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம், பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை. மூன்று லட்சத்துக்கு அவர் ஏன் 'கடன்' என்ற சொல்லை எடுத்தார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

*ஓசூர் மாமா, காலை 8:33*
இயக்குநர் கூட்டம் என்றால் நானும் உன் ஓசூர் அத்தையும் சமையலறையில் நின்று பேசுவதுதான். அவள் தீர்மானத்தை இப்போதே தோற்கடித்துவிட்டாள்.

*காவேரிப்பட்டணம் அத்தை, காலை 9:20*
மாந்தோப்பில் மருந்தடிக்க ஆள் வந்ததால் இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு ஒன்று விளங்கவில்லை. பெரியவன் கல்யாணத்தின் மொய் நோட்டு இன்னும் பீரோவில், மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே தாய்மாமன் பெயர், அப்புறம் நானூற்றுச் சொச்சம் பெயர்கள். 51 ரூபாய் எழுதியவருக்கும் ஊர், தகப்பன் பெயர் எல்லாம் இருக்கிறது. ஒரே பெயரில் அகரத்தில் இரண்டு பேர் என்பதால் ஒருவருக்குப் பக்கத்தில் 'டிராக்டர்காரர்' என்று எழுதியிருக்கிறார்கள். 51 ரூபாய்க்கு நாங்கள் இவ்வளவு எழுதுகிறபோது, நாட்டை ஆள வருகிறவர்கள் 20,000 வரை ஏன் எழுத வேண்டாம்?

*நான், காலை 9:38*
எழுத வேண்டாம் என்றில்லை, அத்தை; ஆணையத்துக்குப் பட்டியல் அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான். 2017-க்குப் பிறகு, வரி விலக்கு வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் ஒருவரிடம் வாங்கியதைப் பத்துப் பெயரில் பத்து ரசீதாகக் கிழித்தால் அதை யார் கண்டுபிடிப்பது? பகுஜன் சமாஜ் கட்சி பல ஆண்டுகள் தொடர்ந்து, 20,000 ரூபாய்க்கு மேல் ஒரு நன்கொடைகூட வரவில்லை என்றே கணக்குக் கொடுத்திருக்கிறது. எல்லாம் சிறு தொகைகள் என்றால் பெயர்ப் பட்டியலே தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு டீக்கடைக்காரர் இப்படிக் கணக்குக் கொண்டுவந்தால் ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

*பாலக்கோடு பெரியப்பா, காலை 10:15*
இந்தக் கதை பழையது. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அதற்கும் நன்கொடை தரப்போவதாக 1961-இல் ஜே.ஆர்.டி. டாட்டா நேருவுக்கே நேராகக் கடிதம் எழுதித் தெரிவித்தார். எதிர்க்கட்சிக்குப் பணம் கொடுப்பதை ஆளுங்கட்சித் தலைவரிடமே சொல்லிவிட்டுச் செய்த காலம் அது. 1969-இல் இந்திரா காந்தி அரசு கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுப்பதையே தடை செய்தது. சுதந்திராவின் பெட்டி காய வேண்டும் என்பதும் ஒரு நோக்கம் என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். தடையால் பணம் நிற்கவில்லை, காசோலை மட்டும் நின்றது. 1985-இல் மறுபடி அனுமதித்தார்கள்.

பிறகு வந்ததுதான், வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரம். 2018 ஜனவரியில் அறிவிக்கை. பாரத ஸ்டேட் வங்கியில் மட்டும் விற்பனை. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை. பதினைந்து நாளுக்குள் கட்சி அதைப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது. அதே சமயத்தில் ஏழரை சதவீத வரம்பையும் எடுத்துவிட்டார்கள், எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி எழுத வேண்டியதையும் எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு எல்லாவற்றையும் ரத்து செய்தது. கண்ணு சொல்லும் ஏழரை சதவீதம் அந்தத் தீர்ப்பால் உயிர் பெற்று வந்ததுதான், மாப்பிள்ளை.

*மாமா மகள், காலை 10:22*
பெரிய மாமா, அதில் நம் ஊர்க் கட்சிகளும் இருந்தனவா?

*பாலக்கோடு பெரியப்பா, காலை 10:40*
இல்லாமலா? பத்திரங்கள் மொத்தம் ஏறத்தாழ 16,518 கோடிக்கு விற்றன. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பா.ஜ.க. பணமாக்கியது மட்டும் ஏறத்தாழ 6,060 கோடி. அதிகமாக வாங்கிய கம்பெனி, 1,368 கோடிக்கு, கோயம்புத்தூர் லாட்டரிக்காரரின் ஃபியூச்சர் கேமிங். தி.மு.க. தனக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைத் தானே தெரிவித்தது, 656.5 கோடியில் 509 கோடி அந்த ஒரு கம்பெனி கொடுத்தது. அ.தி.மு.க.வுக்கு 6 கோடி சொச்சம். இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளும் பத்திரம் வாங்கவில்லை. ஆனால் 2019 தேர்தலில் தி.மு.க. அவர்களுக்கு 25 கோடி கொடுத்தது. அது வெளியே தெரிந்தது தி.மு.க. ஆணையத்தில் கொடுத்த தேர்தல் செலவுக் கணக்கிலிருந்துதான். எழுதி வைத்தால்தான் நாம் சண்டை போடவே முடியும்.

*லெஸ்டர் அண்ணன், பிற்பகல் 1:05*
இங்கே இப்போதுதான் விடிந்தது. அத்தையின் கேள்விக்கும் மாமாவின் கைமாற்றுக்கும் பொருத்தமான ஒரு சம்பவம் இங்கே பிரிட்டனிலேயே நடந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே நன்கொடைகளை அறிவிக்க வேண்டியிருந்தது; சந்தை வட்டியில் வாங்கும் கடனை அப்போது அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு, 2005 தேர்தலுக்கு முன்பு தொழிற்கட்சி பணக்காரர்களிடம் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டு கடன் வாங்கியது; கன்சர்வேட்டிவ் கட்சியும் தன் பங்குக்கு வாங்கியது. கடன் கொடுத்தவர்களில் சிலரைப் பிரபுக்கள் சபை என்ற மேலவைக்கு முன்மொழிந்தது 2006-இல் வெளியே வந்தபோது பெரிய ரகளை. தொழிற்கட்சியின் பொருளாளரே தனக்கு அந்தக் கடன்கள் தெரியாது என்றார். பிரதமர் டோனி பிளேரையே காவல்துறை விசாரித்தது. 2007 ஜூலையில், யார் மீதும் வழக்கு இல்லை என்று முடித்தார்கள். ஆனால் அதற்குள் 2006-இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது கடன் கொடுத்தவர் பெயர், தொகை, வட்டி, திருப்ப வேண்டிய தேதி எல்லாம் காலாண்டுக்கு ஒருமுறை தேர்தல் ஆணையத்தின் பதிவேட்டில் ஏறுகின்றன. கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம். 500 பவுண்டோ அதற்குக் கீழேயோ கொடுப்பதை நன்கொடையாகவே கருதுவதில்லை. மைய அலுவலகத்துக்கு வருவது 11,180 பவுண்டைத் தாண்டினால்தான் பெயர் வெளியே வரும். எனவே இங்கேயும் எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்று: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நான் காமன்வெல்த் குடிமகன் என்பதால், இங்குள்ள வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் வரை இங்குள்ள கட்சிக்கும் கொடுக்கலாம், அங்குள்ள கட்சிக்கும் கொடுக்கலாம்.

*காவேரிப்பட்டணம் அத்தை, பிற்பகல் 1:12*
இரண்டு இடத்திலும் கொடுக்காமல் பெரியப்பாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு அனுப்பு, தம்பி.

*மாமா மகள், பிற்பகல் 2:40*
எங்கள் அலுவலகத்தில் நடந்ததையும் சொல்கிறேன். என் குழுவில் ஒருவர், பெயரே கேள்விப்படாத ஒரு சிறு கட்சிக்கு வங்கி வழியாக ஒரு லட்சம் அனுப்பினார். தங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ரசீதைக் காட்டி வரிக் கழிவு கேட்டார். இரண்டு வருடம் கழித்து வருமான வரித் துறையின் நோட்டீஸ் வந்தது. வரி, வட்டி, அபராதம் என்று அந்த ஒரு லட்சத்தை நெருங்கிவிட்டது. ஆறு ஆண்டுகளாக ஒரு தேர்தலில்கூட நிற்காத 334 கட்சிகளை ஆணையம் 2025 ஆகஸ்டில் பதிவிலிருந்து நீக்கியது. அப்பா, ரசீது என்று ஒன்று கையில் இருந்தாலும் அது எந்தக் கட்சியின் ரசீது என்று பாருங்கள்.

*ஓசூர் மாமா, மாலை 6:50*
பட்டறைக்கு எதிரிலேயே அவர்களின் கொடிக்கம்பம் இருக்கிறது. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு நாளைக்கு நான் அங்கேதான் கடை திறக்க வேண்டும். அதனால் உன் ஓசூர் அத்தையைச் சம்மதிக்க வைத்து, தீர்மானம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, 15,000 ரூபாய்க்குக் காசோலையும் தயாராக வைத்திருக்கிறேன், கண்ணு. நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

*நான், மாலை 7:02*
கட்சியின் பெயரை முழுதாக எழுதிக் குறுக்குக் கோடு போடுங்கள், மாமா. 20,000-க்குக் கீழே என்பதால் அவர்கள் பட்டியலில் நீங்கள் வர மாட்டீர்கள். ஆனால் நம் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் தொகையும் கட்சியின் பெயரும் வர வேண்டும்.

*ஓசூர் மாமா, மறுநாள் காலை 9:25*
வந்தார். டீ குடித்தார். காசோலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பெயர் எழுதாமல் வேறொன்று கொடுங்களேன், நாங்கள் அங்கே பூர்த்தி செய்துகொள்கிறோம்" என்றார். கட்சியின் பெயரை நான் எழுதியதில் என்ன தவறு என்று கேட்டேன். தவறில்லை, தலைமைக்குப் போனால் இங்கே ஒன்றும் வராது என்றார்.

*பாலக்கோடு பெரியப்பா, காலை 9:28*
கொடுத்துவிட்டீர்களா, மாப்பிள்ளை?

*ஓசூர் மாமா, காலை 9:31*
இல்லை, மச்சான். அவர் மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அடிக்கட்டையில் 'ரத்து' என்று எழுதித் தேதியும் போட்டுவிட்டேன். கண்ணு, கணக்கில் டீச் செலவு மூன்று என்று மட்டும் எழுதிக்கொள்.