கீத் மூனின் ஹெட்ஃபோன்

மேளக்காரன்:
நேற்று நம் மன்றத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்த திரியில் தாளம்72 போகிற போக்கில் ஒரு வரியை வீசிவிட்டுப் போயிருக்கிறார்: "த ஹூ தாளத்தில் நின்றதே 1979-ல் கென்னி ஜோன்ஸ் வந்த பிறகுதான். கீத் மூனுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டால்தான் டைம் நிற்கும்." மூன் அந்த இங்கிலாந்து ராக் குழுவின் டிரம்மர், கென்னி அவருக்குப் பின் வந்தவர். ராத்திரி தூக்கம் போச்சு. அதனால் தனித் திரி.

த ஹூவில் தாளத்தைப் பிடித்து நின்றது பீட் டவுன்ஷெண்டின் கிட்டார். என்ட்விசில் பேஸ் கிட்டாரில் லீட் வாசிப்பார். மூன் பாடகர் டால்ட்ரியின் பாட்டு வரியைத் துரத்திக்கொண்டு டாம்-டாம் டிரம்களில் உருண்டு ஓடுவார். தவில்காரர் நாதஸ்வரத்தின் பிடியை வாங்கித் திருப்பிக் கொடுப்பாரே, அந்த மாதிரி. தனியாக சோலோ வாசிக்கச் சொன்னால் மறுத்துவிடுவார். பாட்டு முழுக்கத் தனி ஆவர்த்தனம்தானே, அப்புறம் எதற்கு சோலோ? அந்த இடத்தில் கென்னியை உட்கார வைத்தது கல்யாண மண்டபத்தில் சுவர்க்கடிகாரத்தைத் தவிலாக மாட்டியது போல.

தாளம்72:
சுவர்க்கடிகாரமா! ஸ்மால் ஃபேசஸ், ஃபேசஸ் என்ற இரண்டு குழுக்களிலும் அடித்த கையப்பா அது. ஸ்டோன்ஸின் 'இட்ஸ் ஒன்லி ராக் அண்ட் ரோல்' பாட்டில் அடிப்பது அவர்களுடைய டிரம்மர் சார்லி வாட்ஸ் இல்லை, கென்னிதான். அந்தக் கடிகாரத்தைத்தான் ஸ்டோன்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. 1978 மே மாதம் ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவில் எடுத்த த ஹூ கச்சேரிப் படத்தைப் பாருங்கள். 'வோண்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்' பாட்டுக்கு மூன் தலையில் ஹெட்ஃபோனை டேப் போட்டுச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். எதற்கு?

மேளக்காரன்:
சின்தசைசர் டேப்பைக் கேட்க! 1971-லேயே சின்தசைசர் வழியாகப் பதிவான ஆர்கன் டேப், மேடையில் அது பாட்டுக்கு ஓடும். யாருக்காகவும் நிற்காது. எட்டரை நிமிடப் பாட்டு. அதோடு ஒட்டி அடித்தவருக்கு டைம் வராது என்கிறீர்கள். கடைசியில் ஆர்கன் மட்டும் தனியாக ஓடுகிற இடத்தைக் கேளுங்கள். திடீரென்று டாம் உருட்டல், ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி உருட்டல், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு டால்ட்ரியின் அலறல். நூல் பிசகியிருந்தால் அந்த அலறல் அநாதையாகியிருக்கும்.

நெய்வேலி நிலா:
ஒரு குழுவுக்கு டிரம்மர் "பொருந்துகிறார்" என்றால் என்ன அர்த்தம்? டைம் நிற்பதா, குழுவின் குணத்தோடு சேர்வதா? இதை முதலில் முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே.

மேளக்காரன்:
நல்ல கேள்வி மேடம், வருகிறேன். முதலில் இந்த ஹெட்ஃபோன் கணக்கை முடித்துவிடுகிறேன்.

தாளம்72:
முடித்துவிடுவோம். ஒட்டாமல் நின்றிருந்தால் எதற்கு ஒட்டுகிறார்கள்? அதே 1978-ல் 'மியூசிக் மஸ்ட் சேஞ்ச்' பாட்டின் 6/8 தாளம் மூனுக்கு வரவே இல்லை. டிரம்ஸையே எடுத்துவிட்டுக் காலடிச் சத்தத்தை வைத்தார்கள். 6/8 சார்! நம் ஊர்த் திருவிழாவில் பத்து வயதுப் பையன் அடிக்கிற தாளம்.

மேளக்காரன்:
அது உடம்பு கெட்டு, குடியில் மூழ்கிக் கிடந்த கடைசி வருடம். அந்தச் செப்டம்பர் 7-ஆம் தேதி மனிதர் போயே சேர்ந்துவிட்டார், 32 வயதில். சாகக் கிடந்தவரைக் கொண்டுவந்து கென்னியோடு ஓட விடுகிறீர்கள். ஒட்டியது எதற்கு என்றால், அவர் தலையை ஆட்டுகிற ஆட்டத்துக்கு எந்த ஹெட்ஃபோனும் நிற்காது. அதனால் டேப். அவ்வளவுதான். டேப். ஒட்டுகிற டேப்.

ஓரத்து இருக்கை:
ஓடுகிற டேப்பா, ஒட்டுகிற டேப்பா, குழம்பிவிட்டது அண்ணே. ஆனால் குடியை 1978-க்கு மட்டும் ஒதுக்காதீர்கள். 1973 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் கச்சேரி நடுவே மூன் மயங்கி விழுந்து, கூட்டத்திலிருந்து 19 வயதுப் பையனைக் கூப்பிட்டு மூன்று பாட்டு அடிக்க வைத்தார்கள். மூனைத் தவிர யாருமே பொருந்தமாட்டார்கள் என்றால் அந்தப் பையன் எப்படிச் சமாளித்தான்?

மேளக்காரன்:
தம்பி, சமாளிப்பதும் பொருந்துவதும் ஒன்றா? மூன்று பாட்டு யாரும் சமாளிக்கலாம். மூன்று வருடக் கல்லூரியை நீங்களும்தான் சமாளித்தீர்கள்.

ஓரத்து இருக்கை:
இதில் என் கல்லூரி எங்கே வந்தது? லெட் ஸெப்பெலின் டிரம்மர் ஜான் பானம் பற்றிய திரியில் நான் உங்களைத் திருத்தியதை இன்னும் மறக்கவில்லை போல.

மேளக்காரன்:
நீங்கள் திருத்தவில்லை. நான் எழுதியது எழுத்துப்பிழை.

தாளம்72:
பேச்சை மாற்றாதீர்கள். 'எமினென்ஸ் ஃப்ரண்ட்' கேட்டிருக்கிறீர்களா? 1982, 'இட்ஸ் ஹார்ட்' ஆல்பம். கீபோர்டு ஒரே வட்டத்தில் சுற்றுகிறது, கென்னி அடியில் பாய் விரித்த மாதிரி நேராக அடிக்கிறார். ஹை-ஹேட் சிம்பல் இம்மி பிசகவில்லை. அங்கே மூன் புகுந்திருந்தால் பாத்திரக்கடைக்குள் காளை புகுந்த கதைதான்.

மேளக்காரன்:
கேட்டேன். நல்ல பாட்டு. அது த ஹூ மாதிரி இருக்கிறதா? பாய் விரித்தால் தூக்கம்தான் வரும். கென்னி சரிப்பட மாட்டார் என்று டால்ட்ரியே வெளிப்படையாகச் சொன்னார். அவர் குழுவின் பாடகர். நீங்கள் யார்?

தாளம்72:
ரேடியோவில் கேட்டு வளர்ந்தவன். கென்னி அடித்த 'யூ பெட்டர் யூ பெட்' 1981-ல் பிரிட்டனில் 9-ஆம் இடம். தூங்கிக்கொண்டே வாங்கினார்களா?

நெய்வேலி நிலா:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சரி, இன்னொன்று. 1996-லிருந்து த ஹூவில் அடித்த ஸாக் ஸ்டார்கிக்குச் சின்ன வயதில் டிரம் செட் பரிசளித்தவரே மூன்தான். அவர் மூனின் வேகத்தையும் வைத்துக்கொண்டு டைமிலும் நின்றார். அப்படியானால் இது இரண்டில் ஒன்று என்ற கேள்வியே இல்லையே?

மேளக்காரன்:
மேடம், ஸாக் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோவின் மகன். ரிங்கோவைப் பற்றி இங்கே பேசினால் விடியும். போன முறை பேசியதில் மூன்று பேர் வெளியேறினார்கள்.

ஓரத்து இருக்கை:
அதில் ஒருவன் நான். ஸாக்கையும் 2025-ல் அனுப்பிவிட்டார்கள். டிரம்மரோடு ஒத்துப்போகாத குழு என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

மேளக்காரன்:
தனித் திரி போடுங்கள், வந்து கிழிக்கிறேன். இங்கே விஷயம் ஹெட்ஃபோன். டேப் ஓடுகிற பாட்டுக்கு எந்த டிரம்மராக இருந்தாலும் அந்த டேப் காதில் விழுந்தாக வேண்டும். கென்னிக்கும் அதே விதிதான். இதை தாளம்72 ஒத்துக்கொள்கிறாரா இல்லையா? ஒரே வார்த்தை போதும்.

தாளம்72:
காதில் விழ வேண்டும், சரி. தலையில் ஒட்ட வேண்டுமா?

மேளக்காரன்:
ஆட்டம்! தலை ஆட்டம் என்று எத்தனை தடவை சொல்வது?

தாளம்72:
கடிகாரத்துக்குத் தலை ஆடாது. ரசம் கொதிக்கிறது, நாளைக்கு வருகிறேன். அதுவரைக்கும் நான் 2009-ல் கொடுத்த 'குவாட்ரோஃபீனியா' கேசட்டைத் தேடி வையுங்கள்.

மேளக்காரன்:
அது வரும்போதே பி பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஹெட்ஃபோனுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளவும்.